புதன்கிழமைத் தீ

புதன்கிழமை சாயங்காலம் ஆனால் நோரீன் கெரட்டியின் வீட்டில் சிகாகோ நகரம் பற்றி எரியும். எரிவது தொலைக்காட்சிக்குள்தான். சோபாவிலும் தரைக் கம்பளத்திலுமாக ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து, பீட்சாவைச் சதுரம் சதுரமாகப் பிய்த்துத் தின்றுகொண்டே அதைப் பார்ப்பார்கள். அத்தனை பேர் புருஷன்மாரும் நிஜமாகவே தீயணைப்பு வீரர்கள். தொடரின் பெயர் ‘நெருப்புக்கு நேரே’. மூன்று வருஷமாக ஓடுகிறது. இந்தப் பெண்கள் அதை ரசிப்பதற்காகப் பார்க்கவில்லை, திட்டுவதற்காகப் பார்க்கிறார்கள். திட்டுவதற்காக ஒருவர் ஒரு தொடரைப் பார்த்தால் ஒரு வாரம்கூடத் தவறவிட மாட்டார்.

ஒரு விளையாட்டும் வைத்திருந்தார்கள். எரிகிற வீட்டுக்குள் யாராவது மாஸ்க்கைக் கழற்றினால் எல்லோரும் ஒரு வாய் ஒயின் குடிக்க வேண்டும். கதாநாயகன் கேப்டன் ரான்சம் உள்ளே நுழைந்ததும் செய்கிற முதல் வேலையே மாஸ்க்கைக் கழற்றுவதுதான். கழற்றாவிட்டால் அந்த நீலக் கண்களை யார் பார்ப்பது? நிஜப் புகையை இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் தரையில் கிடப்பான். ரான்சம் இழுத்து, நின்று, இருமாமல் அரைப் பக்க வசனம் பேசுவான். முதல் விளம்பர இடைவேளைக்குள் பாட்டில் காலியாகிவிடும்.

ரான்சமின் மனைவி ஏவாவைப் பார்த்தால் இவர்களுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு எப்போதும் தலை ஈரமாக இருக்கும். எப்போதும் ஜன்னலோரம் நிற்பாள். தூரத்தில் சைரன் கேட்டால் கையிலிருக்கும் கோப்பையைக் கீழே போடுவாள்.

“மூணு வருஷமா போட்டு உடைக்கிறா. அந்த வீட்ல இன்னும் கோப்பை மிச்சம் இருக்கா?” என்பாள் ரீட்டா ஷிமான்ஸ்கி. நோரீனின் புருஷன் டெஸ் போகிற தீயணைப்பு வண்டியை ஓட்டுகிற வால்ட்டின் மனைவி அவள்.

“இவளுக்கு வேலை வெட்டி ஒண்ணுமில்லையாடி? நான்லாம் டெஸ் டியூட்டிக்குப் போனா கட்டில்ல குறுக்கே படுத்துத் தூங்கறேன்,” என்பாள் நோரீன். அது பொய்யில்லை. டெஸ் ஸ்டேஷனில் இருக்கும் இரவுகளில் அவள் குழந்தையைப் போலத் தூங்குவாள்.

அந்தத் தூக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் பக்கத்துத் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒரு தீயணைப்பு வீரனின் சவ அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தபோது, காரை வீட்டு வாசலில் நிறுத்திய டெஸ்ஸை நோரீன் இறங்க விடவில்லை. சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“நீ உள்ள மாட்டிக்கிட்டு ரேடியோவுல காப்பாத்துங்கன்னு உனக்காக நீயே மேடே கூப்பிடற நாள் ஒண்ணு வந்தா, மறுநாள் வேலையை விட்டுடணும். சத்தியம் பண்ணு.”

“அப்படியெல்லாம் வராது, நோரீன்.”

“வராதில்ல? அப்ப சத்தியம் பண்றதுல உனக்கு என்ன நஷ்டம்?”

டெஸ் சத்தியம் செய்தான். அவன் வாக்குத் தவறுகிற ஆள் இல்லை. அதனால் அவன் இன்னும் வேலைக்குப் போகிறான் என்றால் இதுவரை எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். நோரீன் அந்த அர்த்தத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கினாள். வேலையைப் பற்றி அவனிடம் அதிகம் கேட்பதும் இல்லை. டியூட்டி முடிந்து காலையில் வருகிறவனிடம் “எப்படி இருந்துச்சு?” என்பாள். “குப்பைத்தொட்டி எரிஞ்சுது,” என்பான். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில். அவன் சொல்வதை நம்பினால், சிகாகோவில் குப்பைத்தொட்டியைத் தவிர வேறெதுவும் எரிவதே கிடையாது.

அப்படிப்பட்ட டெஸ்ஸைத்தான் தொடர்க்காரர்கள் போன வருஷம் ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். டியூட்டி இல்லாத நாட்களில் படப்பிடிப்புக்குப் போய், நடிகர்களுக்குக் குழாயைப் பிடிப்பது எப்படி, ஏணியைச் சாய்ப்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டும். அங்கே நடப்பதை மட்டும் வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்வான்.

“புகைக்குள்ள எதுவும் தெரியாதுன்னு சொன்னேன். சரின்னு எழுதிக்கிட்டாங்க. அப்புறம் நாலு பக்கமும் விளக்குப் போட்டுட்டாங்க.”

“எங்களைப் பத்திச் சொன்னியா? நாங்கல்லாம் தூங்குவோம்னு?”

“சொன்னேனே. ரொம்ப அழகான விஷயம்னாங்க. அந்தப் பொண்ணு தலையில ஒரு வாளித் தண்ணியை ஊத்திக் கொண்டாந்து ஜன்னல்கிட்ட நிறுத்திட்டாங்க.”

அவன் சொல்வதில் ஒரு வார்த்தைகூட உருப்படியாகத் திரையில் வந்ததில்லை. சம்பளம் கொடுத்து ஆளை வரவழைத்து, உண்மையைக் கேட்டு, பிறகு அதைக் கவனமாகத் தவிர்த்துப் படம் எடுத்தார்கள். டெஸ்ஸுக்கு அது பிடித்துவிட்டது என்றே தோன்றியது.

பிப்ரவரி மாதத்துப் புதன்கிழமை ஒன்று. டெஸ்ஸுக்கும் வால்ட்டுக்கும் அன்று டியூட்டி. வெளியே முழங்கால் உயரம் பனி. உள்ளே பெண்கள் கோப்பையும் கையுமாகத் தயாராக இருந்தார்கள். கதையில் ஒரு பழைய வீடு எரிந்தது. ரான்சம் உள்ளே போனான். தரை இடிந்து நிலவறைக்குள் விழுந்தான். ஒரு உத்தரம் அவன் காலை அமுக்கிக்கொண்டது.

“இப்பக் கழட்டுவான் பாரு,” என்று ரீட்டா கோப்பையை உயர்த்தினாள்.

கழற்றவில்லை. திரை இருண்டுபோனது. மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. காற்று குறைகிறது என்று சொல்லும் சின்ன மணி அடிக்கத் தொடங்கியது. ரான்சம் ரேடியோவில் மேடே கூப்பிட்டான்.

“என்னடி ஆச்சு இவனுக்கு? இன்னுமா மாஸ்க் போட்டிருக்கான்?”

“அடுத்தது பாரு, ஏவாகிட்ட நான் அவளை நேசிச்சேன்னு சொல்லுங்கன்னுவான்.”

அதையும் அவன் சொல்லவில்லை. இருட்டுக்குள், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நீளமாக மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு சண்டையைப் பேச ஆரம்பித்தான்.

“அந்த... நாற்காலியைத்... தெருவுல... போடாதேன்னு... சொன்னேன்.”

பிறகு மனைவியின் குரலில் அவனே பதிலும் சொன்னான். “உங்கம்மா நாற்காலி... தெருவுல நின்னா... உங்கம்மாவே நிக்கற மாதிரி. எவனாவது... வண்டியைக் கொண்டாந்து... விடுவானா பாரு.”

அறையே வெடித்துச் சிரித்தது. பனியை வாரி வண்டி நிறுத்த இடம் பண்ணினவர் அங்கே ஒரு உடைசல் நாற்காலியைப் போட்டுவைத்தால் அந்த இடம் அவருடையது. அது இந்த ஊரில் எழுதாத சட்டம். ஆனால் அதைப் பற்றி ஒருவன் சாகப்போகிற நேரத்தில் பேசுவானா?

“எழுதறவனுங்களுக்கு மூளை கலங்கிப்போச்சு!”

“சாகற நேரத்துல மாமியார் நாற்காலியாம்!”

நோரீன் சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவள்தான் சொன்னாள். இதே வீட்டில், இரண்டு குளிர்காலத்துக்கு முன், ஒரு காலை நேரத்தில், டெஸ் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவன் அம்மாவின் தேக்கு நாற்காலியை அவள் பனிக்குள் கொண்டுபோய் வைத்ததற்காக இரண்டு பேரும் கத்திக்கொண்ட சண்டை அது. அவனையும் அவளையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அன்று டெஸ்தான் ஜெயித்தான். நாற்காலியைத் தூக்கிவந்து உள்ளே வைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு டியூட்டிக்குப் போனான்.

மறுநாள் கட்டுப்போட்ட காலோடு வந்தான். ஸ்டேஷன் வாசலில் பனி வழுக்கிவிட்டது என்றான். இவன் தீயை ஜெயித்துவிட்டுப் பனியிடம் தோற்றுவிட்டான் என்று அவள் தேவாலயத்து வாசலில் நின்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். டெஸ்ஸும் பக்கத்தில் நின்று சிரித்தான்.

திரையில் ரான்சம் சண்டையில் தோற்றுக்கொண்டிருந்தான். “சரி... நீ சொல்றதுதான்... சரி. போட்டுக்கோ.” மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சிரிக்காத இன்னொருத்தி ரீட்டா என்பதை நோரீன் அப்போதுதான் கவனித்தாள். அவள் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் போனபிறகு நோரீன் அவளைக் கதவருகே மறித்தாள். “அவன் உள்ள மாட்டிக்கிட்டது உனக்குத் தெரியும்.”

“வால்ட் தூக்கத்துல உளறுவான், நோரீன். நானா கேக்கல.”

“ரெண்டு வருஷமா என்கூட உக்காந்து ஒயின் குடிச்சியே!”

“சொன்னா டெஸ் வேலையை விடணும். அவன் உயிரையே அங்கதான வச்சிருக்கான்? நாங்க எப்படிச் சொல்றது?” ரீட்டாவின் கண் கலங்கிவிட்டது. நோரீனுக்கு அதைப் பார்த்தும் இரக்கம் வரவில்லை. கதவைத் திறந்துவிட்டாள்.

காலையில் டியூட்டி மாறுகிற நேரத்துக்கு நோரீன் ஸ்டேஷனுக்குப் போனாள். போகிற வழியில் கடையில் நிறுத்தி ஐஸ்கிரீம் டப்பாக்களை வாங்கி இரண்டு பைகளில் நிரப்பிக்கொண்டாள். எவன் முகமாவது தொலைக்காட்சியிலோ பத்திரிகையிலோ வந்தால், அவன் மொத்த ஸ்டேஷனுக்கும் ஐஸ்கிரீம் வாங்க வேண்டும். பிரபலமானதற்கு அதுதான் அபராதம். பிப்ரவரிக் குளிராக இருந்தாலும் விலக்கு இல்லை.

சமையலறை மேஜையில் ஏழெட்டுப் பேர் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். பைகளைப் பார்த்ததும் முகங்கள் மலர்ந்தன. சமையல் பொறுப்பைப் பார்க்கிற லமான்ட் ஓடிவந்து வாங்கிக்கொண்டான்.

“என்ன விசேஷம், மிசஸ் கெரட்டி?”

“நேத்து டிவில வந்ததுக்கு.”

“டெஸ் முகம் எங்க வந்துச்சு? நாங்களும் பாத்தோமே, வரலையே.” டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான்.

“அவன் முகம் வரல. என் பேச்சு வந்துச்சு. அதனால அபராதம் நான்தான கட்டணும்?”

கரண்டிகள் நின்றுவிட்டன. எரிகிற கூரையின் மேல் நடக்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேஜையைப் பார்த்தார்கள். வால்ட் எழுந்து, கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடியும் கழுவப் போனான்.

லமான்ட்தான் கடைசியில் வாயைத் திறந்தான். “தப்பா நினைக்காதீங்க, மிசஸ் கெரட்டி. அந்த ஆளை இங்கயே வச்சுக்கணும்னுதான் எல்லாரும் வாயைக் கட்டிக்கிட்டோம். பனியில விழுந்தார்னு முதல்ல சொன்னதே நான்தான்.”

“ரொம்பப் பொருத்தமா சொன்ன. நான் ஊர் பூரா பரப்பினேன்,” என்றாள் நோரீன்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு உள்ளே வந்த டெஸ் மனைவியைப் பார்த்தான், ஐஸ்கிரீமைப் பார்த்தான், மேஜையைச் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தான். “வண்டியில உக்காரு, வர்றேன்,” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் காபி போட்டாள். கோபத்திலும் கை அதன் வேலையைச் செய்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பனி வெளிச்சம் கண் கூசுகிற மாதிரி வந்தது.

“டிவிக்காரங்ககிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்லத் தெரியல.”

“நிஜமா நடந்தது எதாவது சொல்லுன்னு கேட்டாங்க. வேற யாருக்கோ நடந்த மாதிரி சொன்னேன்.” டெஸ் கோப்பையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். “நான் எதைச் சொன்னாலும் மாத்திடறாங்கல்ல? இதையும் மாத்திடுவாங்கன்னு நம்பினேன். யாருகிட்டயாவது ஒரு தடவை சொல்லணும் போல இருந்துச்சு. அவனுங்ககிட்ட சொன்னா வெளிய வராதுன்னு நினைச்சேன்.”

அந்தத் தொடர் மூன்று வருஷத்தில் ஒரே ஒரு முறை உண்மையைச் சொல்லத் தீர்மானித்திருக்கிறது. அதற்கு இவர்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நோரீனுக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

“எவ்ளோ நேரம் கிடந்த?”

“தெரியல. மணி அடிச்சிட்டே இருந்துச்சு. பயத்துல வேகமா மூச்சு விட்டா காத்து சீக்கிரம் தீந்துடும். மெதுவா எதையாவது பேசணும்னு பயிற்சியில சொல்லித் தருவாங்க. ஜெபம் பண்ணலாம்னு பாத்தேன். ஒரு வரிகூட ஞாபகம் வரல. சண்டைதான் முழுசா ஞாபகம் இருந்துச்சு.”

“அந்தச் சண்டையில நீதான் ஜெயிச்ச. ஏன் அங்க என்னை ஜெயிக்க விட்ட?”

டெஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். “ஜெயிக்கணும்னா கத்தணும், நோரீன். கத்தினா காத்து செலவாகும். தோத்துட்டே இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும்.”

எழுந்துபோய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் இப்போது கட்டிக்கொண்டால் ஏவாவாகிவிடுவோம் என்று பட்டது. எல்லாவற்றையும் மன்னித்து, நீ இதற்காகவே பிறந்தவன், போய் வா என்று பின்னணி இசையோடு அனுப்பிவைக்கிற ஏவா. அவன் உயிரோடு வேண்டும் அவளுக்கு. மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சத்தியம் பண்ணியிருக்க. இன்னிக்கே போயி எழுதிக் குடுத்துட்டு வா.”

அவன் எதிர்த்துப் பேசுவான் என்று எல்லாப் பதில்களையும் தயாராக வைத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு இழுத்து, மெதுவாக விட்டான்.

“சரி,” என்றான். “நீ சொல்றதுதான் சரி.”

அந்தக் குரலை நோரீன் முந்தின நாள் சாயங்காலம் கேட்டிருந்தாள். அதற்கு முன்பும் கேட்டிருந்தாள். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்ற சண்டையில் கேட்டாள். அடுக்களைக்கு என்ன நிறம் அடிப்பது என்ற சண்டையில் கேட்டாள். அவள் தம்பி வந்து மூன்று மாதம் தங்கியதைப் பற்றிய சண்டையிலும் கேட்டாள். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் ஒவ்வொரு சண்டையிலும் அவளே ஜெயித்தாள். புருஷனுக்கு வயசாகிறது, வழிக்கு வந்துவிட்டான் என்று ரீட்டாவிடம் பெருமையடித்தும் இருக்கிறாள். அவன் வழிக்கு வரவில்லை. காற்றை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான்.

“கத்து,” என்றாள்.

“என்ன?”

“என்கூடச் சண்டை போடு, டெஸ். வேலையை விட மாட்டேன்னு கத்து. இது வீடு. இங்க காத்துக்கு என்ன பஞ்சம்?”

“நோரீன், வேணாம்.”

“கத்துன்னா கத்து!”

அவன் எழுந்த வேகத்தில் கோப்பை உருண்டு கீழே விழுந்தது.

“நான் விட மாட்டேன்னு யாரு சொன்னா?” பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குக் கத்தினான். “ரெண்டு வருஷமா விடணும் விடணும்னுதான இருக்கேன்! நிலவறைப் படியைப் பாத்தா கால் நடுங்குது! ஒவ்வொரு தடவையும் ஒரு பையன் எனக்கு முன்னாடி இறங்கறான், நான் மேல நின்னு ஏதோ உத்தரவு குடுக்கற மாதிரி நடிக்கிறேன்! விடறேன்னு சொன்னா ஏன்னு நீ கேப்ப. ஏன்னு சொன்னா அன்னிக்கே ஏன் சொல்லலைன்னுவ. என்னை வேலையில வச்சுக்கணும்னு அத்தனை பேரும் பொய் சொல்லியிருக்கானுங்க, அவனுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஒரு தடவை உன்கிட்ட கேட்டுப் பாத்தேனே! போன வசந்தத்துல! முட்டி வலிக்குது, போதும்னு நினைக்கிறேன்னு சொன்னேனே! நீ என்ன சொன்ன?”

என்ன சொன்னேன் என்று அவளுக்கு ஒரு நொடி தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஒரு புதன்கிழமை. கையில் ஒயின் கோப்பை. டெஸ் சோபாவுக்குப் பின்னால் வந்து நின்று, தயங்கித் தயங்கி அதைச் சொன்னான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியில் கூரைக்குக் கூரை தாவிக்கொண்டிருந்தவனைக் கையால் காட்டினாள். “ரான்சமைப் பாரு, உன்னைவிட அஞ்சு வயசு மூத்தவன். அவன் முட்டி வலிக்குதுன்னா சொல்றான்?” என்றாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று வருஷமாக அந்தத் தொடரில் ஒரு வார்த்தைகூட நம்பாதவள், அந்த ஒரு நாள் மட்டும் அதை நம்பியிருந்தாள்.

டெஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். வேகமான, கணக்கில்லாத மூச்சு. நோரீன் அவனுக்கு எதிரே போய் நின்று, அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் கத்து,” என்றாள். “நான் கேக்கறேன்.”